அம்மாவின் 35 மணித்தியாலம்

ரிக்கற்றைப் படம் எடுத்து யாழ்ப்பாணத்தில் இருக்கிற அம்மாவுக்கு அனுப்பினதுதான் நான் விட்ட பிழை. ரொறன்ரோவில் வெள்ளி இரவு 9.30க்கு ஏறி, ஞாயிறு காலை 8.30க்குக் கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்காவில் இறங்குவதாக அதில் கிடந்தது. அம்மா விரல் விட்டு எண்ணிப்போட்டு உடனே போன் எடுத்தா.

"35 மணித்தியாலமோ பிள்ளை? கால் வீங்கிப்போகுமெல்லே!"

இரண்டும் அந்தந்த ஊர் நேரம் எண்டு விளங்கப்படுத்தினேன். கோடையில் ரொறன்ரோவை விட இலங்கை ஒன்பதரை மணித்தியாலம் முந்தி. (குளிர்காலத்தில் அது பத்தரை.) அதைக் கழித்தால் 25 மணி 30 நிமிடம்தான். அம்மா நம்பினமாதிரித் தெரியவில்லை.

ரொறன்ரோவிலிருந்து கொழும்புக்கு வானத்தால் கிட்டத்தட்ட 14,000 கி.மீ. நேரே போற விமானம் இல்லை. டுபாயால் போனால் முதலில் 11,080, பிறகு 3,290. கூட்டிப் பார்த்தால் 400 கி.மீ. கூட மேலதிகமில்லை, அரை மணித்தியாலப் பறப்பு. ஆகவே "சுத்திக்கொண்டு போறதாலதான் இவ்வளவு நேரம்" எண்டு எங்கட ஆக்கள் சொல்வது சரியில்லை. பறந்தது 17 மணித்தியாலம். மிச்ச எட்டரையும் டுபாயில் கதிரையில் சாய்ந்து கிடந்தது. மலிவு ரிக்கற் நான்தான் எடுத்தேன், ஆரையும் குறை சொல்லேலாது. ஆனாலும் ஒன்றரை மணித்தியால இடைவெளியில் ஓடிப்போய் ஏறி, பெட்டி வராமல் நிற்பதைவிட இது பரவாயில்லை. என்னைக் கேட்டால் மூன்று, நாலு மணித்தியாலம் அளவு. திரும்பி வரும்போது டுபாய்–ரொறன்ரோ, போனதைவிட ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கூட எடுக்கும். மேலே மேற்கிலிருந்து அடிக்கிற காற்றுக்கு எதிரே பறக்க வேணும்.

கட்டுநாயக்காவில் கரைச்சல் இல்லை. விசாவை முதலே இணையத்தில் எடுத்திருந்தேன். கரைச்சல் வெளியில்தான். 9 மணிக்கு நிற்கிறேன் எண்ட வான்காரர் வந்தது பத்தரைக்கு. தனி வான் எண்டு பேசி முற்பணமும் கொடுத்திருந்தேன். சிலாபத்தில் தன்ர மச்சானையும் இரண்டு சாக்கையும் ஏற்றினார். "ஒரு அவசரம் அக்கா" எண்டார். மச்சான் வவுனியா மட்டும் குறட்டை விட்டார்.

கட்டுநாயக்காவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் வான்வழித் தூரம் 280 கி.மீ. கூட வராது. புத்தளம், அனுராதபுரம், வவுனியா எண்டு றோட்டால் 350க்கு மேல். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, ஆனையிறவு தாண்டேக்கை வெய்யில் சாய்ந்துவிட்டது.

சென்னையால் வந்திருந்தால் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு 350 கி.மீ. அளவுதான், ஒண்டேகால் மணித்தியாலம். ஆனால் அது சின்ன விமானம். கனடாவில் கட்டின இரண்டு பெரிய பெட்டிக்கும் இடம் தருவினமோ எண்டு முதலே கேட்க வேணும். தனித்தனி ரிக்கற் எடுத்துச் சென்னையில் வெளியே வந்து ஏறுவதெண்டால் இந்திய விசாவும் வேணும். அடுத்த முறை அதைத்தான் பார்க்கப்போறன்.

படலையடியில் வான் நிற்க பின்னேரம் 6 மணி. இறங்கினதிலிருந்து ஒன்பதரை மணித்தியாலம். இருபத்தைந்தரையோடு கூட்டிப் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் இறங்கினேன். அம்மா முதலில் பார்த்தது என்ர காலை.

"சொன்னனானெல்லே," எண்டா.