கையை மாற்றிப் பிடிக்கிறவன்: ரெட் மாஸ்க், பிளாக் பேண்டம் கதைகள்

இருபத்திரண்டு வருடம் காவல்துறையில் இருந்தேன். அதில் பாதி வழிக்காவல். பெண் கைதிகளைச் சிறையிலிருந்து கோர்ட்டுக்கும், கோர்ட்டிலிருந்து சிறைக்கும் கூட்டிப்போகிற வேலை. அதனால் கௌபாய் காமிக்ஸில் ஒருவன் ஒரு கொள்ளைக்காரியைப் பிடிக்கும் கட்டம் வந்தால் நான் முகங்களைப் பார்ப்பதில்லை, கைகளைத்தான் பார்ப்பேன். எப்படிப் பிடித்திருக்கிறான், துப்பாக்கி எந்தப் பக்கம் தொங்குகிறது, அவளை எந்தப் பக்கம் நிறுத்தியிருக்கிறான். துப்பாக்கி தொங்கும் பக்கமே அவளையும் நிறுத்தியிருந்தால் அவன் ஒன்று முட்டாளாக இருக்க வேண்டும், இல்லை காதலனாக இருக்க வேண்டும்.

சமீபத்தில் இந்தக் கண்ணோடு படித்தது ரெட் மாஸ்க், பிளாக் பேண்டம் கதைகள். மேகசின் எண்டர்பிரைசஸ் என்ற அமெரிக்கப் பதிப்பகம் 1950களில் போட்டவை, அன்றைக்கு ஒரு இதழ் 10 சென்ட். பதிப்பாளர் வின் சல்லிவன். சூப்பர்மேன் முதலில் தலைகாட்டிய 1938ஆம் வருட இதழுக்கு ஆசிரியராக இருந்தவர் இவர்தான். நாயகனின் பெயர் டிம் ஹோல்ட். நிஜ ஆளின் பெயர்தான் அது: அப்போது கௌபாய் படங்களில் குதிரையேறிக்கொண்டிருந்த நடிகர், 1948இல் ஹம்ப்ரி போகார்ட்டோடு தங்கம் தேடும் படம் ஒன்றிலும் நடித்தவர். அவர் பெயரிலேயே காமிக்ஸ் தொடங்கி, போகப்போக கதைக்குள் அவருக்கு ஒரு சிவப்பு முகமூடி மாட்டி, 1954இல் இதழின் பெயரையே ரெட் மாஸ்க் என்று மாற்றிவிட்டார்கள். நிஜ நடிகரின் பெயரில் ஓடும் காமிக்ஸில் அந்த நடிகரின் முகத்தையே மூடி வைத்த துணிச்சலை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

பிளாக் பேண்டம் வருவது எதிராளியாக. கறுப்பு உடைக்காரி, சட்டத்துக்கு வெளியே இருப்பவள். ரெட் மாஸ்க்குக்குச் சமமாக நிற்கக்கூடியவள், அதுதான் முக்கியம். இந்த வகைக் கதைகளில் பெண் என்றால் பெரும்பாலும் பண்ணைக்காரரின் மகள். கடத்தப்படுவாள், மீட்கப்படுவாள், கடைசிக் கட்டத்தில் நன்றி சொல்வாள். இவளை மீட்க வேண்டிய தேவையே யாருக்கும் இல்லை.

பிராங்க் போல் வரைந்த பக்கங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். அன்றைய மலிவுத் தாளில் கறுப்பு மை தனியாக ஒரு அச்சு, சிவப்பும் மஞ்சளும் நீலமும் தனித்தனி அச்சு. இவை ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராத பக்கங்களில் சிவப்பு நிறம் முகமூடியின் கோட்டைத் தாண்டி ஒரு நூல் அளவு வெளியே வழிகிறது. கறுப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால் பல பக்கங்களில் அவள் கத்தரித்து ஒட்டியது போலத் துல்லியமாக நிற்கிறாள், அவன் கொஞ்சம் கலங்கித் தெரிகிறான். அச்சகத்தின் தவறுதான், தெரியும். ஆனால் காதல் கதைக்கு அது எவ்வளவு பொருத்தம்!

கறுப்பு வெள்ளையில் வந்த மறுபதிப்பு ஒன்றையும் வாங்கினேன். அதில் சிவப்பு முகமூடி சாம்பல் ஆகிவிட்டது. பாதி ஏமாற்றம் அங்கேயே. வண்ண ஸ்கேன் கிடைத்தால் அதையே படியுங்கள், தாள் பழுத்திருந்தாலும் பரவாயில்லை.

சரி, காதலுக்கு வருகிறேன். ஒரு முறை ரயிலில் ஒரு பெண்ணைக் கூட்டிப்போனேன். கைவிலங்கு கிடையாது, கையைப் பிடித்தபடிதான் உட்கார்ந்திருக்க வேண்டும். ஐந்து மணி நேரம். மூன்றாவது மணியில் அவள் சொன்னாள், "அக்கா, கொஞ்சம் கையை மாத்திப் பிடிங்க, மரத்துப்போச்சு." எனக்கும் மரத்துத்தான் போயிருந்தது. மாற்றிப் பிடிக்கும் அந்த ஒரு விநாடி என் பிடி தளர்ந்தது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேருமே ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டோம். சட்டக்காரன், கொள்ளைக்காரி கதைகள் எல்லாம் அந்த ஒரு விநாடியை இழுத்து இழுத்து எழுதியவை. பிடித்துவிட்டால் கதை முடிந்தது. விட்டுவிட்டால் அவன் வேலையில் ஒழுங்கில்லை. அதனால் கையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

வழிக்காவலில் கைதி தப்பினால் எங்களுக்கு நேராக சஸ்பென்ஷன்தான். காமிக்ஸ் சட்டக்காரர்களுக்கு அந்தக் கவலையே கிடையாது. கௌபாய் காலத்து நிஜ அமெரிக்க மேற்கில் நிலைமை வேறு. குற்றவாளிகளைத் தேடிப் பிடிக்கிற அரசுக் காவலர்களான டெபுடி மார்ஷல்களுக்கு 1896 வரை மாதச் சம்பளம் இல்லை, வேலைக்குத் தக்க கூலி. வாரண்ட் எடுத்துக்கொண்டு போகிற தூரத்துக்கு மைலுக்கு 6 சென்ட், ஒரு கைதுக்கு 2 டாலர். பிடிக்கப் போன ஆளைச் சுட்டுக் கொன்றுவிட்டால் கூலி போச்சு. உரிமை கோர யாரும் வராவிட்டால் அடக்கச் செலவும் இவர் தலையில். கொள்ளைக்காரி உயிரோடு இருக்க வேண்டும் என்று மார்ஷல் உருகுவதற்குக் காதல் தேவையே இல்லை, பயணப்படி பில்லே போதும். இதை எந்தக் காமிக்ஸும் பயன்படுத்தவில்லையே என்று எனக்கு வருத்தம்.

என் பெரிய குறை இனிமேல்தான். பிளாக் பேண்டம் திருந்திவிடுகிறாள். ரெட் மாஸ்க்கின் பக்கம் வந்துவிடுகிறாள், 1954இல் அவள் பெயரிலேயே தனியாக ஒரே ஒரு இதழ் வருகிறது. நல்லவளாகிவிட்ட பிறகு அவள் செய்வதையெல்லாம் அவனே செய்திருக்கலாம் என்று தோன்றுகிறது. போட்டி போனதும் காதலும் போய்விட்டது. மிச்சம் இருப்பது ஒரே ஸ்டேஷனில் வேலை பார்க்கிற இரண்டு பேரின் மரியாதை.

அதே 1954 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்பாளர்கள் காமிக்ஸ் கோடு என்ற விதித்தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். குற்றவாளி மேல் அனுதாபம் வரும்படி குற்றத்தைக் காட்டக் கூடாது. போலீஸ், நீதிபதி மேல் மரியாதை குறையக் கூடாது. குற்றவாளி தண்டனை பெற்றே ஆக வேண்டும். காதல் கதை என்றால் குடும்பத்தின் மதிப்பையும் திருமணத்தின் புனிதத்தையும் தூக்கிப்பிடிக்க வேண்டும். இவள் திருந்தியதற்கு இந்த விதிதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் திருந்தாத ஒருத்தியை ஒரு சட்டக்காரன் நேசிக்கும் கதைக்கு இந்த நான்கு விதிகளில் எதை மீறாமல் இருக்க முடியும், சொல்லுங்கள்!

இந்தக் கோடு எட்டாத பிரெஞ்சு மொழிக்காரர்கள் தப்பித்தார்கள். தமிழ் காமிக்ஸில் கேப்டன் டைகர் என்ற பெயரில் நமக்குப் பழகிய ப்ளூபெர்ரியின் கௌபாய் கதைகளில், 1973இல் ஆல்பமாக வந்த ஒன்றில் சிஹுவாஹுவா பேர்ல் என்றொருத்தி வருகிறாள். கொள்ளைக்காரி அல்ல, பாடகி. ஆனால் தங்கம் என்றால் எவரையும் கவிழ்க்கத் தயங்காதவள். அவளை யாரும் திருத்தவில்லை. டைகர், பேர்ல் ஜோடியோடு ஒப்பிட்டால் ரெட் மாஸ்க் ஜோடி பள்ளிக்கூட ஆண்டு விழா நாடகம்தான்.

நிஜத்திலும் ஒரு பேர்ல் உண்டு. பேர்ல் ஹார்ட், 1899இல் அரிசோனாவில் முடியை வெட்டிக்கொண்டு ஆண் உடையில் கோச்சு வண்டியை மறித்தவள். 400 டாலருக்கு மேல் பறித்துவிட்டு, பயணிகளுக்கு ஆளுக்கு ஒரு டாலர் திருப்பிக் கொடுத்தாளாம். பிடிபட்டு, டூசான் சிறையிலிருந்து தப்பி, மறுபடி பிடிபட்டாள். கொள்ளை வழக்கில் ஜூரி அவளை விடுதலை செய்ததும் நீதிபதிக்குக் கோபம் தாங்கவில்லை. இன்னொரு வழக்கில் ஐந்து வருடம் கிடைத்தது. கூட்டாளி ஜோ பூட்டுக்கு முப்பது வருடம். பன்னிரண்டு ஜூரர்களும் அவள் பக்கம் சாய்ந்த அந்தக் காட்சியை ரெட் மாஸ்க் கதைகளில் தேடித் தேடிப் பார்த்தேன். அதற்கு அருகில்கூட ஒன்றும் வரவில்லை.

வாங்கலாமா என்றால், முதல் சில கதைகளுக்காகக் கண்டிப்பாக. அவள் எதிராளியாக இருக்கும் வரை ஒரே மூச்சில் படித்தேன். திருந்திய பிறகு வரும் தனி இதழை இரவலாகப் படித்தால் போதும். ஐந்துக்கு மூன்று. அவள் தப்பித்துக்கொண்டே இருந்திருந்தால் நாலரை போட்டிருப்பேன்.