மலையகத்தில் அந்தி பார்க்க எங்கே நிற்பது?

கொழும்புக் காலிமுகத் திடலில் அந்தி பார்க்க எந்தத் தயாரிப்பும் வேண்டாம். ஒரு கையில் இஸ்ஸோ (இறால்) வடையோடு கடலைப் பார்த்து நின்றால் போதும். மேற்கே தடுப்பே இல்லை; கலண்டரில் போட்ட நேரத்துக்குச் சூரியன் தண்ணீருக்குள் இறங்கிவிடும். அதே கணக்கோடு மலைக்கு வருகிறவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள். ஆறு மணிக்கு இடத்துக்கு வந்து சேர்ந்தால், ஐந்தரைக்கே சூரியன் எதிர் மலைக்குப் பின்னால் போயிருக்கும்.

இதற்கு ஓர் எளிய அளவு உண்டு. கையை நீட்டி, நான்கு விரல்களைப் படுக்கையாகச் சேர்த்துப் பிடியுங்கள். நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய நேர்கீழாக இறங்குவதால், அந்த நான்கு விரல் உயரம் சுமார் அரை மணி நேரம். கண்மட்டத்திலிருந்து மேற்கு மலையின் விளிம்பு நான்கு விரல் உயரத்தில் நின்றால், அந்த இடத்தில் சூரியன் அரை மணி முந்தியே மறையும். நவம்பர் நடுவில் அந்தி 5.45-ஐ ஒட்டியும், பெப்ரவரியில் 6.20-ஐ ஒட்டியும், ஜூலையில் 6.30-ஐ ஒட்டியும் வரும். அதிலிருந்து விரல் கணக்கைக் கழித்துவிட்டுப் புறப்படுங்கள்.

அடுத்தது பருவம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்தை நனைத்துக்கொண்டிருக்கும். அப்போது மலை தாண்டி, ஹப்புத்தளையும் எல்லவும் இருக்கும் ஊவாவில் வானம் பெரும்பாலும் வெளித்திருக்கும். டிசெம்பர், ஜனவரியில் இது தலைகீழ்: ஊவாவில் மழையும் மூட்டமும், மேற்குச் சரிவில் வெயில். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் இடி மழை வழக்கம். ஆனால் அந்த மழை ஐந்து மணிக்குள் விட்டுவிட்டால், அன்றைய அந்திக்கு ஈடு கிடையாது. தூசி கழுவிப்போய், கிழிந்த மேகத்தின் அடிப்பக்கத்தில் வெளிச்சம் படும். மழை பெய்துவிட்டதே என்று திட்டத்தைக் கைவிடுவதுதான் பலர் விடும் பிழை.

இடங்களில் எங்கள் முதல் தெரிவு டிக்கோயாவிலிருந்து நோர்வூட் வழியாக மஸ்கெலியா போகும் ரோடு. இதற்கு டிக்கெட் இல்லை, பெயர்ப் பலகை இல்லை. முதலில் காசல்ரீ நீர்த்தேக்கம் கீழே வரும். வார்லி தேவாலயத்துக்குப் பக்கத்தில் நின்றால் தண்ணீர் முழுவதும் கண்ணுக்குள் வரும். அதைத் தாண்டி நோர்வூட் பக்கம் போனால் சிவனொளிபாதமலை மேற்கிலிருந்து சற்றே தெற்குத் தள்ளி நிற்கும். ஜனவரி கடைசியிலிருந்து பெப்ரவரி நடுப்பகுதி வரை சூரியன் இறங்கும் திசையும் ஏறக்குறைய அதுதான். மஸ்கெலியாவுக்குக் கிட்ட நிற்பவர்களுக்குச் சூரியன் ஜனவரிக் கடைசியிலும், நோர்வூட்டில் நிற்பவர்களுக்கு இரண்டு வாரம் பிந்தியும் மலைக் கூம்பின் பின்னால் விழும். ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் ஒரு வளைவு தள்ளி நின்று பிடித்துக்கொள்ளலாம். மலை உயரமானது என்பதால் மறைவு இருபது, இருபத்தைந்து நிமிடம் முந்தி நடக்கும், 5.45-க்கு இடம் பிடித்திருக்க வேண்டும்.

மறைந்தவுடன் ஆட்டோவைத் திருப்பாதீர்கள். கூம்பின் ஓரங்கள் முதலில் செம்பு நிறமாகி, பிறகு கருநீலத் தாளில் வெட்டி ஒட்டியதுபோல் ஆகும். அது யாத்திரைப் பருவம் என்பதால், சற்று நேரத்தில் அந்தக் கருப்பின் மேல் படிக்கட்டு விளக்குகள் ஒரு மெல்லிய கோடாகத் தெரியத் தொடங்கும். உச்சிப் பக்கம் கோடு அறுந்து தெரிந்தால் அங்கே மேகம் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். இந்தக் காட்சிக்காகவே இந்த ரோட்டுக்கு முதல் இடம் கொடுக்கிறோம்.

குறை இல்லாமலில்லை. ரோடு ஒடுக்கம், யாத்திரை பஸ்கள் வேகமாக வரும். வளைவின் உள்பக்கத்தில் வாகனத்தை நிறுத்தவே கூடாது. மார்ச் கடைசியில் தண்ணீர் இறங்கிவிட்டால் கரையெங்கும் செம்மண் பட்டைதான், பிரதிபலிப்பை எதிர்பார்க்க முடியாது. தேயிலை மலைக்குள் இறங்கிப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் குளவியை நினைவில் வைக்க வேண்டும். தோட்டத்து ஆட்கள் ஒரு மரத்தைக் காட்டி அந்தப் பக்கம் போகாதே என்றால் காரணம் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். பொழுது சாய்ந்த பிறகு கொழுந்துச் செடிக்கு நடுவே நிற்பதற்கும் நாங்கள் ஒப்பமாட்டோம். சிறுத்தை நடமாடும் பக்கம் இது.

சிவனொளிபாதமலை உச்சியிலிருந்தே அந்தி பார்ப்பது தனிக் கணக்கு. எல்லோரும் விடியலுக்கு ஏறுவதால் மாலையில் உச்சியில் நெருக்கடி குறைவு. நல்லதண்ணிப் பக்கமாக ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். நிதானமாக ஏறினால் நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், பகல் ஒரு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். 2243 மீட்டர் உயரத்தில் அடிவானம் 165 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விடுவதால், கொழும்புக்காரருக்கு மறைந்த சூரியன் இங்கே இன்னும் சில நிமிடம் மிச்சமிருக்கும். மேற்கை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல் ஒரு தடவை பின்னால் திரும்புங்கள். விடியலில் மேற்கே விழும் அந்த முக்கோண நிழல், மாலையில் கிழக்கே மஸ்கெலியாப் பக்கம் நீண்டுகொண்டே போகும். டிசெம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) மே மாத வெசாக் வரை மட்டும்தான் இதைச் செய்யலாம். பருவம் முடிந்தால் விளக்கும் இல்லை, தேநீர்க் கடையும் இல்லை. இருட்டில் அந்தப் படியில் இறங்குவது மடத்தனம்.

இரண்டாவது தெரிவு ரம்பொடை. கண்டி, நுவரெலியா ரோட்டில் ஆஞ்சநேயர் கோயில் மேட்டிலிருந்து மேற்கே பார்த்தால் கொத்மலை நீர்த்தேக்கம் கீழே விரிந்து கிடக்கும். எதிரே உள்ள மலைகள் தள்ளியும் தாழ்ந்தும் இருப்பதால் விரல் கணக்கில் கழிக்க வேண்டியது கொஞ்சம்தான். வயதானவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போக இதைவிட வசதியான இடம் இல்லை. விடுமுறை நாட்களில் கூட்டம் அதிகம். செருப்பைக் கழற்றினால் தரை சில்லென்று ஏறும், தடித்த காலுறை கொண்டுபோங்கள். நடை சாத்தும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. திரும்பும்போது ரம்பொடை வளைவுகளில் மூட்டம் விழுந்திருந்தால் பெரிய லைட்டைப் போடக்கூடாது. வெளிச்சம் மூட்டத்தில் பட்டு முகத்துக்கே திரும்பும். சின்ன லைட்டோடு மெதுவாக இறங்குங்கள்.

நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் கிரகரி வாவிக் கரையில் அந்தி பார்க்கலாம் என்று நம்பி வருகிறார்கள். 1873-இல் கட்டிய அந்த வாவி கிண்ணத்தின் அடியில் கிடக்கிறது, சுற்றிலும் மலை. நிழல் சீக்கிரம் விழும், குளிர் அதைவிடச் சீக்கிரம் வரும். படகுச் சவாரிக்குச் சரி, அந்திக்கு இல்லை. அதே ஊரில் சாந்திபுரத்துக்கு ஆட்டோவில் ஏறினால் மேற்குப் பக்கம் திறந்துவிடும், அடுக்கடுக்காக மலை தெரியும். ஆட்டோக்காரரிடம் ஏற்றக் கூலியோடு காத்திருப்புக் காசையும் முதலிலேயே பேசி முடியுங்கள். அங்கே இறக்கிவிட்டுப் போய்விட்டால் இருட்டில் வேறு வண்டி கிடைக்காது.

ஹப்புத்தளைப் பக்கத்து லிப்டன் சீட் மேட்டைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அது விடியலுக்கான இடம். காலை பத்து மணிக்கெல்லாம் மூட்டம் ஏறத் தொடங்கிவிடும். பிற்பகலில் போனால் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வருவீர்கள். வானம் வெளித்த நாளிலும் தம்பேதன்ன பேக்டரி வரை ஏழு கிலோமீட்டர் இருட்டில் இறங்க வேண்டும். ஹப்புத்தளையில் தங்குகிறவர்கள் டவுனுக்குக் கிட்ட உள்ள முகட்டிலேயே நின்றுகொள்ளலாம். மேற்கே ஹோர்ட்டன் சமவெளியின் சுவர் சூரியனை முந்தியே விழுங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் பார்க்க வேண்டியது தெற்குப் பக்கம். தாழ்நிலம் ஊதாவாக மாறி, ஊர்களின் விளக்குகள் ஒவ்வொன்றாக முளைப்பதை ஜூலை, ஓகஸ்டில் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம். காற்று மட்டும் ஆளைத் தள்ளும்.

எல்லவில் சின்ன சிவனொளிபாதமலை ஏறச் சுலபம், முக்கால் மணி நேரம் போதும். சனக்கூட்டம்தான் சகிக்க முடியாது. முதல் முகட்டோடு நிற்காமல் அடுத்த மேட்டுக்கு நடந்தால் கொஞ்சம் ஆறுதல்.

கம்பளை அம்புலுவாவவுக்கு எங்கள் மதிப்பெண் பாதிக்குப் பாதி. காட்சிக்குக் குறை சொல்ல முடியாது; சுற்றிலும் வானம். 48 மீட்டர் கோபுரத்தின் வெளிப்பக்கச் சுருள் படிதான் பிரச்சினை. மேலே போகப் போக ஒடுங்கி, ஏறுகிறவரும் இறங்குகிறவரும் உடம்பை உரசாமல் கடக்க முடியாது. அந்தி நேரத்தில் எல்லோரும் உச்சியில் நிற்க ஆசைப்பட்டால் நடுவில் சிக்கிக்கொள்வீர்கள். உயரத்துக்குப் பயப்படுகிறவர்கள் கோபுர அடிவாரத்திலேயே நிற்கலாம், நிறம் ஒன்றுதான். மாலையில் எத்தனை மணி வரை உள்ளே விடுவார்கள் என்று கேட்காமல் ஏறாதீர்கள்.

கைப்பையில் டோர்ச், மழை அங்கி, லென்ஸில் படியும் ஈரத்தைத் துடைக்கப் பருத்தித் துணி, காலில் ஏறும் அட்டைக்கு உப்போ சவர்க்காரமோ இருக்கட்டும். போனில் படம் எடுக்கும்போது வெளிச்சமான வானத்தைத் தொட்டு ஒளியைக் குறைத்துவிட்டால் நிறம் வெளுக்காது. சூரியன் மறைந்து இருபது நிமிடம் வரைதான் கால்வழி தெரியும்; பள்ளத்தில் அதுவும் இல்லை. அடைமழைக் காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை உங்கள் ரோட்டுக்கு வந்திருந்தால், அன்றைக்கு வீட்டு முற்றத்திலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள்.