பழைய அம்பாசிடரின் கார்பெட் பசை: ஹீட் கன்னா, டர்பன்டைனா?

பழைய அம்பாசிடரில் ஒட்டிய கார்பெட்டை இழுத்தால் மேல்துணி மட்டும் கையோடு வரும். பஞ்சும் பசையும் தகரத்திலேயே நிற்கும். அதை எடுக்க இரண்டு வழி: சூடான காற்றை ஊதும் ஹீட் கன், அல்லது பசையை இளக்கும் டர்பன்டைன் எண்ணெய்.

செலவு: ஹீட் கன் ஒருமுறை வாங்கினால் போதும். டர்பன்டைன் மலிவுதான், ஆனால் முழுத் தளத்துக்கும் லிட்டர் கணக்கில் குடிக்கும்.

வேகம்: சூட்டில் பசை சீக்கிரம் இளகும், பட்டி பிளேடால் தள்ளினால் சுருண்டு வரும். டர்பன்டைன் என்றால் துணியை நனைத்துப் போட்டுவிட்டு டீ குடித்து வரலாம்.

பெயின்ட்: ஹீட் கன் ஒரே இடத்தில் நின்றால் கொப்புளம். டர்பன்டைன் காய்ந்த பெயின்ட்டை அவ்வளவாகத் தொடாது. தின்னர் அப்படியல்ல, உரித்துவிடும். "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கதவு பேனல்: ரெக்சின் ஒட்டிய ஹார்ட்போர்டு இது. டர்பன்டைன் பட்டால் ரெக்சின் கறைபட்டு விறைத்துப்போகும், வாடையும் போகாது. குறைந்த சூட்டில், தள்ளிப் பிடித்து உரிப்பதே நல்லது. அட்டையே மழைநீரில் உப்பிப் போயிருந்தால் மல்லுக்கட்ட வேண்டாம். அதையே அச்சாக வைத்துப் புது ஹார்ட்போர்டு வெட்டுங்கள். கிளிப் ஓட்டைகளைக் குறிக்க மறந்தால் வேலை இரட்டிப்பு.

சரி, எது யாருக்கு? தடித்த பசை, விரிந்த தளம் என்றால் ஹீட் கன். ஒயர் ஓடும் மூலைகளுக்கு டர்பன்டைன். ஆனால் டர்பன்டைன் ஈரம் காயாத இடத்தில் ஹீட் கன்னைப் பிடிக்காதீர்கள், தீப்பிடிக்கும்.