நினைவு மரம்: அரசா, ஆலிவா, ஜின்கோவா, மகிழமா?

அம்மாவின் நினைவாகச் சேலத்தில் எங்கள் வீட்டு முன்புறத்தில் நட்டது மகிழம்; ஆகவே இந்த அலசல் அதன் பக்கமே சாயும்.

ஆலிவ் கிளை 1946 முதல் ஐக்கிய நாடுகள் அவையின் சின்னத்தில் இருக்கிறது. ஆனால் போதிய குளிர் கிடைத்தால்தான் அந்த மரம் பூத்துக் காய்க்கும். சேலத்து மார்கழி அதற்குப் போதாது. மனத்தை அதிகம் அசைப்பது ஜின்கோ. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு வெடித்த இடத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் நின்று கருகிய ஜின்கோ மரங்கள் மீண்டும் துளிர்த்தன. அங்கே உயிர்பிழைத்த மரங்களின் விதைகள் இன்று பல நாடுகளில் வளர்க்கப்படுகின்றன. அதுவும் குளிர்நாட்டு மரம்தான். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் அது நிலைக்கக்கூடும். சமவெளியில் மட்டுமே மரம் வளர்த்த நான் அதை அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். மலையில் எளிதாக வளரும் சில்வர் ஓக்கை நான் பரிந்துரைக்கவில்லை. காப்பித் தோட்டங்களில் அது நிழலுக்கும் மிளகுக்கொடிக்கும் நின்று, பின்னர் வெட்டுமரமாக விலைபோகும் மரம்.

மீதமிருப்பவை அரசும் மகிழமும். இவ்விரண்டில் முடிவைத் தீர்மானித்தது வேர். நினைவுக்கு நடும் மரத்தை ஒருநாள் நாமோ நம் பிள்ளைகளோ வெட்ட நேர்ந்தால், அது இன்னொரு இழப்பாகவே மனத்தில் தங்கும். இலங்கையில் அனுராதபுரத்துப் போதி மரமான அரசு இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்து நிற்கிறதென்றால், அதைச் சுற்றி அதற்கென்றே விடப்பட்ட இடமும் இடையறாத காவலும் இருக்கின்றன. நகரத்து மனையிலோ அரசின் வேர் சுற்றுச்சுவரையும் கழிவுநீர்க் குழாயையும் தண்ணீர்த் தொட்டியையும் தேடிச் சென்று பிளக்கும். மேலே மின்கம்பியைத் தொட்டதும் கிளைகள் கண்டபடி வெட்டப்படும். ஏரிக்கரையிலும் கோயில் வெளியிலும் அதற்கு இணையில்லை. ஆனால் வீட்டருகில் வேண்டாம்.

மகிழம் மெதுவாக வளரும், இலையுதிர்ந்து மொட்டையாக நிற்காது, அதன் வேர் கட்டடத்துக்குத் தொல்லை தருவது அரிது; உதிர்ந்த பூ காய்ந்த பின்னும் மணக்கும். திருவொற்றியூரில், தாம் மணக்கவிருந்த சங்கிலியாரைப் பிரியேன் என்று சுந்தரர் சூளுரைத்தது மகிழின் அடியில்தான் என்பதால், பிரிந்தவரை எண்ணி நட இதைவிடப் பொருத்தமான மரம் எனக்குத் தோன்றவில்லை. பூவுக்குச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதே குறை. ஐப்பசி மழையில் நட்டு, சித்திரை, வைகாசி வெயிலில் தூரைச் சுற்றி மூடாக்கு இட்டு, முதல் மூன்று கோடைகளுக்குத் தண்ணீர் தவறாமல் ஊற்ற வேண்டும்.