பொய் லீவைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று வருபவர்களை நம்பிவிடாதீர்கள்

திருப்பூரில் 40 பேர் வேலை செய்யும் ஒரு சின்ன பனியன் கம்பெனி என்னுடையது. 2023 ஜூலையில், ஷிப்மென்ட் நெருக்கிய நேரத்தில், ஓவர்லாக் டெய்லர் ஒருவர் இடுப்பு வலி என்று இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) லீவில் போனார். மூன்றாவது வாரமும் வரவில்லை. வேறொரு கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறார் என்று செக்கிங் பக்கம் பேச்சு அடிபட்டது. ஆர்டர் போய்விடுமோ என்ற பதற்றத்தில் அதை நம்பிவிட்டேன்.

தெரிந்தவர் மூலமாக ஒரு துப்பறியும் ஏஜென்சி வந்தது. போட்டோ, வீடியோ, கோர்ட்டில் நிற்கிற மாதிரி ரிப்போர்ட், எல்லாம் பத்தே நாளில் என்றார்கள். முன்பணம் 45,000 ரூபாய், ரொக்கமாக. பில் கேட்டதற்கு, வேலை முடிந்ததும் தருகிறோம் என்றார்கள். விசிட்டிங் கார்டில் 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று இருந்தது. நம் நாட்டில் தனியார் துப்பறிவாளர்களுக்கென்று தனி லைசென்ஸ் சட்டமே இல்லை. 2007-ல் மாநிலங்களவைக்கு வந்த மசோதா சட்டமாகவே இல்லை. இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ரிப்போர்ட் வந்தது. அந்த டெய்லர் அரிசி மூட்டையைத் தூக்கி மொபெட்டில் வைக்கிற படம், கீழே ஜூலை 11 என்று தேதி. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வேலைநீக்கக் கடிதத்தை டைப் செய்தே விட்டோம்.

அதைத் தடுத்தவர் எங்கள் பிஎஃப், இஎஸ்ஐ வேலைகளைப் பார்க்கிற கன்சல்டன்ட். படத்தைக் கையில் வாங்கியவர், "பின்னாடி பாருங்க" என்றார். கடைச் சுவரில் கரும்புக் கட்டுகள் சாத்தியிருந்தன, பக்கத்தில் மஞ்சள் கொத்து. ஜூலையில் ஏது மஞ்சள் கொத்து? தேடிப் பார்த்தோம். பொங்கலுக்கு அவர் மனைவி ஃபேஸ்புக்கில் போட்ட படம் அது.

கன்சல்டன்ட் அன்று சொன்னது முன்பே தெரிந்திருந்தால் இந்த வழிக்கே போயிருக்க மாட்டேன். இஎஸ்ஐ லீவில் இருப்பவருக்குச் சம்பளத்தில் 70 சதவீதத்தை, வருஷத்துக்கு 91 நாள் வரை, இஎஸ்ஐதான் தருகிறது. முதலாளி கையிலிருந்து போவதில்லை. சந்தேகம் இருந்தால் கிளை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம், இஎஸ்ஐயின் மெடிக்கல் ரெஃப்ரீ என்கிற டாக்டரிடம் மறுபரிசோதனைக்கு அனுப்புவார்கள். அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டிருக்கும்போது ஆளை நிறுத்தியிருந்தால், 1948 இஎஸ்ஐ சட்டத்தின் 73-ம் பிரிவு என் மேல்தான் பாய்ந்திருக்கும்.

ஏஜென்சியைக் கேட்டதும் பேச்சு மாறியது. இன்னும் 30,000 கொடுத்தால் அவருடைய செல்போன் அழைப்பு விவரத்தையே எடுத்துத் தருகிறோம் என்றார்கள். அது சட்டப்படி குற்றம். 2018-ல் அதை விற்றதற்காக மகாராஷ்டிராவின் தானே நகரப் போலீசார் துப்பறிவாளர்களையே கைது செய்திருக்கிறார்கள். முடியாது என்றேன். அப்படியென்றால் நீங்கள் ஆள் வைத்துப் பின்தொடர்ந்ததை அவரிடமே சொல்லிவிடுவோம் என்று மிரட்டினார்கள். இதற்குப் பயந்தே பலர் பணத்தைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

போலீசில் புகார் கொடுத்து மனு ரசீது வாங்கினேன். பில் இல்லாததால் அந்த 45,000 இன்றுவரை வரவில்லை.

அன்று சாயங்காலமே அந்த டெய்லர் வீட்டுக்குப் போனேன். இடுப்பில் பெல்ட்டோடு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். நடந்ததை நானே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஏனுங்கண்ணா, பாப்பாவையும் படம் புடிச்சாங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

மறுவாரம் ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. அவருக்கு எல்லாம் தெரியும் என்றேன். வைத்துவிட்டார்கள்.