கிணற்று அயிரையும் வாளி அயிரையும்

நம் குழம்புக்கு வரும் அயிரையின் உறவுகள் இரண்டு, கேரளத்தின் நிலத்தடி நீரில் வாழ்கின்றன.

கோழிக்கோட்டுக் கிணறொன்றில் கிடைத்த பாஞ்சியோ புஜியாவுக்கு 2019இல் பெயர் சூட்டினார்கள். ஓமப்பொடி போன்ற புஜியா நொறுக்குத்தீனியின் பெயர்தான் அது! முதுகுத் துடுப்பு இல்லை, வயிற்றுத் துடுப்பும் இல்லை. மீனென்றே நம்ப மனம் தயங்கும்.

பாஞ்சியோ பாதாளா, செங்கன்னூர் வீடொன்றில் குளிக்க வைத்த வாளியில் சிவப்பு நூல் துண்டுபோல நெளிந்தது. தோலில் நிறமி இல்லாததால், உள்ளே ஓடும் இரத்தமே அதன் நிறம். 2022இல் புதிய இனமாக விவரித்தார்கள்.

உடலமைப்பில் புஜியா வியக்க வைக்கிறது. பெயரில் பாதாளாவே எனக்குப் பிடித்தது. பூமிக்கடியில் வாழ்வதற்கு வேறு என்ன பெயர் பொருந்தும்? அதோடு, பார்த்ததும் கொட்டிவிடாமல் எடுத்து வைத்தார்களே, அந்த வீட்டுக்காரர்களை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.