முதல் முறை டிஸ்னி: கலிஃபோர்னியாவா, ஃப்ளோரிடாவா?

"லீவுக்குப் பிள்ளைகளை டிஸ்னி கூட்டிப் போகலாம்னு இருக்கோம், எந்த ஊருக்குப் போறது?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். மதியம் இரண்டு மணிக்குச் சின்னவன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டால், ரூமுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? எத்தனை ரைடு, எந்தக் கோட்டை பெரிது, எங்கே வாணவேடிக்கை நன்றாக இருக்கும் என்பதெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

நாங்கள் இருப்பது டெக்சாஸில். கலிஃபோர்னியாவின் அனாஹைமில் இருக்கும் டிஸ்னிலேண்டுக்கும் சரி, ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோ பக்கம் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கும் சரி, எங்களுக்கு விமானம்தான். இரண்டுக்கும் போய் வந்துவிட்டோம். முதலில் ஃப்ளோரிடா, இரண்டு வருடம் கழித்து கலிஃபோர்னியா. கூடவே என் மாமியாரும் வந்தார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. இன்று யோசித்தால், முதலில் கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டு அப்புறம் ஃப்ளோரிடாவுக்குப் போயிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

நிலத்தின் கதை

டிஸ்னிலேண்ட் 1955 ஜூலை 17 அன்று திறந்தது. வால்ட் டிஸ்னி தன் வாழ்நாளிலேயே கட்டி, தானே நடந்து பார்த்து, திருத்தித் திருத்தி வைத்த பூங்கா அது ஒன்றுதான். திறந்த கொஞ்ச காலத்திலேயே வேலிக்கு வெளியே மோட்டல்களும் கடைகளும் நெருக்கியடித்து முளைத்தன. அது அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அடுத்ததிலும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று, 1960களின் நடுவில் ஃப்ளோரிடாவில் வேறு வேறு கம்பெனிப் பெயர்களில் சத்தமில்லாமல் நிலம் வாங்கிச் சேர்த்தார். சுமார் 27,000 ஏக்கர். கிட்டத்தட்ட சான் ஃபிரான்சிஸ்கோ நகரம் அளவுக்கு வரும். 1966 டிசம்பரில் அவர் இறந்துவிட்டார். அண்ணன் ராய் டிஸ்னிதான் பொறுப்பெடுத்து 1971 அக்டோபர் 1 அன்று அங்கே முதல் பூங்காவான மேஜிக் கிங்டமைத் திறந்துவைத்தார்.

இந்தப் பழைய கதை உங்கள் பயணத் திட்டத்தை நேரடியாகத் தொடுகிறது. வால்டுக்குப் பிடிக்காமல் போன அந்த மோட்டல் வரிசை இன்றும் அனாஹைமில் ஹார்பர் புலவார்டு ஓரமாக நிற்கிறது. அதில் ஒன்றில் ரூம் போட்டால் சாலையைக் கடந்து பத்து நிமிட நடையில் பூங்கா வாசல். டிஸ்னிலேண்டும் அதன் ஜோடியான கலிஃபோர்னியா அட்வென்ச்சரும் எதிரெதிரே வாசல் வைத்திருக்கின்றன. ஒன்றிலிருந்து வெளியே வந்து மற்றதற்குள் நுழைய நாலைந்து நிமிடம் போதும். காலையில் ஐந்து ரைடு, மதியம் ரூமில் தூக்கம், சாயங்காலம் மறுபடி பூங்கா. மூன்று நாளும் நாங்கள் அப்படித்தான் இருந்தோம். என் மாமியார் ஒரு நாள் மதியத்துக்கு மேல் வரவில்லை என்றார். தனியாகவே ரூமுக்கு நடந்து போய்விட்டார்.

ஃப்ளோரிடாவில் அது நடக்காது. அங்கே மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு பூங்காக்கள். அது போக இரண்டு தண்ணீர்ப் பூங்காக்கள். ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவில் மைல் கணக்கில் காடும் சதுப்பும் நெடுஞ்சாலையும். வெளி உலகம் கண்ணில் படக் கூடாது என்று திட்டமிட்டு வாங்கிய நிலம் ஆயிற்றே! அதனால் வெளியே தங்குகிறவர்களுக்கு எல்லாமே தூரம்.

நாங்கள் அங்கே செய்த தப்பு, விலை குறைவு என்று வெளியே ஒரு ஹோட்டல் எடுத்தது. இலவச ஷட்டில் உண்டு என்றார்கள். காலையில் ஒரு நடை, ராத்திரி ஒரு நடை என்பது போன பிறகுதான் தெரிந்தது. அந்த ஷட்டிலும் மேஜிக் கிங்டம் வாசலில் விடாது; டிக்கெட் சென்டர் என்கிற இடத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து ஏரியைக் கடக்க மோனோரயில் அல்லது படகு. மூன்று வயது மகன் மதியம் ஒரு மணிக்கே சோர்ந்துபோய் அழ ஆரம்பித்தான். ராத்திரி ஷட்டிலுக்கு இன்னும் எட்டு மணி நேரம் இருந்தது. ஸ்ட்ரோலரைப் பின்னால் சாய்த்து, மேலே ஒரு துண்டைப் போர்த்தி, ஒரு கடையின் ஏசி காற்று வரும் வாசல் ஓரமாக நானும் மாமியாரும் மாறி மாறி உட்கார்ந்திருந்தோம்.

ஆனால் அந்தப் படகுப் பயணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். காலை வெயிலில் தண்ணீருக்கு அந்தப் பக்கம் கோட்டையின் நீலக் கூரை விரல் நுனி அளவில் தெரிய ஆரம்பித்து, படகு நகர நகரப் பெரிதாகிக்கொண்டே வரும். என் மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய் பேசாமல் நின்றாள். ஏழு வயதில் அவள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

கோட்டையும் ரைடும்

ஃப்ளோரிடாவின் சிண்ட்ரெல்லா கோட்டை 189 அடி. கலிஃபோர்னியாவின் ஸ்லீப்பிங் பியூட்டி கோட்டை 77 அடிதான். ஃப்ளோரிடாவைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் "இவ்வளவுதானா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள், என் மகளும் கேட்டாள். அவளுக்கு நான் காட்டியது வேறொன்று. மெயின் ஸ்ட்ரீட் தொடக்கத்தில் தீயணைப்பு நிலையம் ஒன்று இருக்கிறது. அதன் மாடியில் வால்ட் தன் குடும்பத்தோடு தங்க ஒரு குட்டி வீடு வைத்திருந்தார். அந்த ஜன்னலில் அவர் நினைவாக ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ராத்திரி கூட்டம் வெளியேறும் நேரத்தில் எங்கள் இருவரைத் தவிர யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த மஞ்சள் வெளிச்சம் எனக்கு அந்தப் பெரிய கோட்டையைவிட நெருக்கமாக இருந்தது.

ரைடு விஷயத்தில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. ஃப்ளோரிடா பெரிது, அதனால் ஒவ்வொரு பூங்காவிலும் ரைடு அதிகம் என்று நினைக்கிறார்கள். டிஸ்னிலேண்ட் என்கிற அந்த ஒரே பூங்காவில் இருக்கிற ரைடுகள், மேஜிக் கிங்டமில் இருப்பதைவிட அதிகம். ஒரே பெயரில் இரு ஊரிலும் இருப்பவற்றில்கூட வித்தியாசம் உண்டு. 1967இல் கலிஃபோர்னியாவில் திறந்த 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' படகுச் சவாரி நீளமானது; இருட்டில் இரண்டு முறை சரிந்து இறங்கும். ஃப்ளோரிடாவில் ஒரே சரிவு, நேரமும் ஏறக்குறைய பாதிதான். 1959இல் வந்த மேட்டர்ஹார்ன், இண்டியானா ஜோன்ஸ், 'கார்ஸ்' படம் பிடித்த பிள்ளைகள் உயிரை விடும் ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸ் ரேசர்ஸ் ஆகிய ரைடுகள் எல்லாம் ஃப்ளோரிடாவில் கிடையாது.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் உயரத்தைக் கட்டாயம் அளந்துகொண்டு கிளம்புங்கள். ஸ்பேஸ் மௌன்டன் ரைடுக்கு கலிஃபோர்னியாவில் 40 அங்குலம் போதும், ஃப்ளோரிடாவில் 44 வேண்டும். பணியாளர்கள் அளவுகோலை வைத்துப் பார்ப்பார்கள், கெஞ்சிப் பயனில்லை. உயரம் குறைந்த பிள்ளையோடு ஒருவர் வெளியே நின்று, மற்றவர் போய்வந்த பிறகு மறுபடி நீண்ட வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளும் 'ரைடர் ஸ்விட்ச்' வசதி இரண்டு ஊரிலும் உண்டு. வரிசை வாசலில் நிற்பவரிடம் கேட்டால் செய்து தருவார்கள்.

ஃப்ளோரிடா எங்கே ஜெயிக்கிறது

இவ்வளவு சொன்னதால் ஃப்ளோரிடா வேண்டாம் என்று அர்த்தமில்லை. அங்கே இருக்கிற இரண்டு பூங்காக்களுக்கு கலிஃபோர்னியாவில் ஈடே இல்லை.

ஒன்று அனிமல் கிங்டம். 1998இல் திறந்தது. 110 ஏக்கர் புல்வெளியில் திறந்த லாரியில் கூட்டிப் போகிறார்கள்; கம்பி வேலி எதுவும் கண்ணில் படாமல் ஒட்டகச்சிவிங்கியும் காண்டாமிருகமும் பக்கத்திலேயே நடக்கும். காலையில் முதல் வேலையாக இதற்குப் போய்விடுங்கள், வெயில் ஏறினால் விலங்குகள் நிழலுக்குப் போய்விடும். இன்னொன்று 1982இல் திறந்த எப்காட். ஒரு ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் அரங்கங்கள், ஒரு சுற்று நடந்தால் ஒன்றேகால் மைல் வரும். ரைடில் ஏற விருப்பமில்லாத பெரியவர்களுக்கு இதுதான் இடம். என் மாமியார் ஜப்பான் அரங்கத்தின் கூழாங்கல் குளத்தருகே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். "இன்னொரு நாள் இங்கேயே வரலாம்மா" என்றார்.

அப்புறம் சானா. அனிமல் கிங்டம் லாட்ஜ் ஹோட்டலில், கிடானி வில்லேஜ் பக்கம் இருக்கும் உணவகம். உள்ளே போகப் பூங்கா டிக்கெட் வேண்டாம், அங்கே தங்கவும் வேண்டாம். பலவகை ரொட்டியும், கிண்ணம் கிண்ணமாகச் சட்னியும் ஊறுகாயும் வரும். ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேய்ந்துகொண்டிருக்கும். சைவக்காரர்கள் வயிறு நிறையச் சாப்பிடலாம். வெளிச்சம் இருக்கும்போதே போனால்தான் விலங்குகள் தெரியும். 60 நாள் முன்பே மேஜை பதிவு தொடங்கிவிடும்.

வரிசை, பணம், வானிலை

எனக்குத் திட்டம் போடுவதில் பிடித்தம் உண்டு. ஆனால் ஃப்ளோரிடா கேட்கிற திட்டம் ரொம்பவே அதிகம். வரிசையைச் சுருக்கும் 'லைட்னிங் லேன்' பாஸை அங்கே முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்கு 7 நாள் முன்பு திறக்கும், மற்றவர்களுக்கு 3 நாள் முன்பு. அதாவது வெளியே தங்குகிறவர் பதிவு செய்ய வரும்போது நல்ல நேரங்களை முன்னவர்கள் எடுத்திருப்பார்கள். கலிஃபோர்னியாவில் பூங்காவுக்குள் நுழைந்த பிறகுதான் நேரத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்குகிறார்கள். முதல் முறை போகிறவருக்கு இது பெரிய நிம்மதி.

டிக்கெட் விலை நாளுக்கு நாள் மாறும். கூட்ட நாளில் இரு ஊரிலும் ஒரு நாள் டிக்கெட் 200 டாலரைத் தாண்டும். பள்ளி நடக்கும் வார நாட்களில் போனால் நிறையக் குறையும். 3 வயது ஆகாத பிள்ளைக்கு டிக்கெட் இல்லை. 10 வயது ஆகிவிட்டால் பெரியவர் கணக்கு. நாள் கூடக் கூட ஒரு நாளுக்கான விலை இறங்கும். ஆனால் ஃப்ளோரிடாவில் நாள்கள் கட்டாயமாகக் கூடுகின்றன என்பதால் மொத்தச் செலவு அங்கேதான் அதிகம். சாப்பாட்டைக் கையில் கொண்டுபோக இரண்டு இடத்திலும் தடையில்லை, கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. நாங்கள் புளியோதரையும் தயிர் சாதமும் டப்பாவில் எடுத்துப் போனோம். குளிர்ந்த தண்ணீர் உணவுக் கவுண்டர்களில் கேட்டால் இலவசம்.

வானிலை பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஃப்ளோரிடாவில் கோடை மதியங்களில் இடியுடன் மழை வரும், திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம். அனாஹைமில் கோடையில் மழை அபூர்வம், ராத்திரிக்கு ஒரு ஸ்வெட்டர் இருந்தால் போதும்.

சரி, யாருக்கு எது?

மூன்று நாள்தான் இருக்கிறது, ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கிறது, அல்லது நடக்கச் சிரமப்படும் பெரியவர் கூட வருகிறார் என்றால் கலிஃபோர்னியா. யோசிக்கவே வேண்டாம். ஹார்பர் புலவார்டில் நடந்து போகும் தூரத்தில் ரூம் எடுங்கள். வரைபடத்தில் பூங்கா எல்லை வரைக்கும் தூரம் பார்க்காதீர்கள், நுழைவாசல் வரைக்கும் பாருங்கள்.

முழுதாக ஆறு நாள் ஒதுக்க முடியும், பிள்ளைகள் ஏழெட்டு வயதைத் தாண்டிவிட்டார்கள் என்றால் ஃப்ளோரிடா. ஆனால் டிஸ்னி நிலத்துக்குள்ளேயே தங்குங்கள். காசு கொஞ்சம் கூடினாலும் தூரம் குறையும். பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன் இரண்டும் விலை குறைந்த வகை டிஸ்னி ஹோட்டல்கள். அங்கிருந்து ஸ்கைலைனர் என்கிற கேபிள் கார் எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் போகிறது, பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்களைத் தினமும் அரை மணி நேரம் முன்பே பூங்காவுக்குள் விடுகிறார்கள், அந்த அரை மணியில் இரண்டு ரைடு முடிந்துவிடும். நான்காம் நாள் எந்தப் பூங்காவுக்கும் போகாமல் நீச்சல் குளத்தில் கிடங்கள்.

நாங்கள் அடுத்த ஜனவரியில் ஃப்ளோரிடாவுக்கு மறுபடி போகிறோம், இந்த முறை ஸ்கைலைனர் ஹோட்டல். அனிமல் கிங்டமில் பறக்கும் விலங்கின் முதுகில் போவது போன்ற 'ஃப்ளைட் ஆஃப் பாஸேஜ்' என்று ஒரு ரைடு உண்டு. அதற்கு 44 அங்குலம் வேண்டும். மகன் ஞாயிற்றுக்கிழமை காலைதோறும் செருப்பைக் கழற்றிவிட்டு, சமையலறைக் கதவு நிலையில் முதுகை ஒட்டி நிற்கிறான். அவன் அக்கா தலைமேல் ஸ்கேலை வைத்துப் பென்சிலால் கோடு போடுகிறாள். போன வாரக் கோடு 43.